பாட்டு நின்ற சாயங்காலம்

நாங்கள் கொல்லிமலைக் கிறிஸ்தவர்கள். யுத்தகாலத்தில் மூட்டை தூக்கும் வேலைக்காக ஆவடிக்கு வந்து, ஜன்னலில்லாத காரைவீட்டு அறையில் குடியிருக்கிறோம். மலையில் சாயங்கால ஜெபத்துக்குக் கதவைச் சாத்தி, தணலைச் சுற்றி உட்கார்ந்து பாடுவோம்; புகை கூரைப்புல் வழியே போய்விடும். ஐப்பசி மழையில் இங்கேயும் அப்படியே செய்தோம். இரண்டாம் பாட்டில் மனைவி சாய்ந்தாள். வேலை அலுப்பு என்று நினைத்தேன். எனக்கும் கண் செருகியது.

பக்கத்து வீட்டு பாத்திமா அக்காதான் கதவைத் தள்ளி, எங்களை மழையில் இழுத்துப் போட்டார்; ஈரக்காற்று பட்டு இருவரும் கண் விழித்தோம்.

“பாடிக்கினே இருந்தீங்க, சட்டுனு நின்னுபோச்சு. இன்னாமோ ஆயிடுச்சுன்னு ஓடியாந்தேன்” என்றார்.

காரைக்கூரையில் தணலின் நச்சுக்காற்று வெளியேற வழியில்லை என்று பிறகுதான் புரிந்தது. இப்போது தணல் வாசலுக்கு வெளியே. கதவும் திறந்தே இருக்கும். உடம்பு ஓய்ந்த நாளில் ஜெபத்தை வாய்க்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம் என்றால் நடப்பதில்லை. பாட்டுக் கேட்காவிட்டால் அக்கா வாசலில் வந்து நின்றுவிடுகிறார்.