நான்கு மூலை மண்

இன்று காஜா பேராங் என்ற ஊரில் ஒரு காலி மனையின் நான்கு மூலைகளிலும் மண்ணெடுத்துப் புட்டிகளில் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த மண்ணையே கல்லாக்கி வீடு கட்ட முடியுமா என்று பார்க்கத்தான். கட்டடக் கலைஞராக நான் வரையும் முதல் வீடு.

மனைக்காரரின் அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"யாரு அனுப்புனா? சூனியம் வைக்கவா மண்ணெடுக்குற?"

கூச்சத்தில் திருடிபோல் நின்றேன்.

"உங்க மகன் வீட்டுக்குத்தான் ஆன்ட்டி. களிமண் எவ்வளவு இருக்குன்னு தண்ணியில கரைச்சுப் பார்க்கணும்."

"அப்போ சூனியம் இல்லையா?"

"இல்ல ஆன்ட்டி, மண் வீடு."

"ஐயோ! சூனியம் வச்சாகூட அதை எடுக்க ஆள் இருக்கு லா. இந்த மண் வீட்டை எடுக்க யாரு இருக்கா?"

மழையில் கரையாது என்று காட்ட என்னிடம் சோதனை இருக்கிறது. இந்தக் கேள்விக்கு இல்லை. பதில் தெரிந்தவர்கள், அவர் மகனுக்குப் போன் செய்வதற்குள் சொல்லுங்கள்.