இருபத்தொன்றரை மணி நேரம்

அந்தப் பயணச்சீட்டு அலுவலகத்தில் அவளை எல்லாரும் 'அட்டவணை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், எங்கே விமானம் மாற வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டால், கணினிப் பக்கம் திரும்பாமலே சொல்லிவிடுவாள். பத்தொன்பது வருஷ வேலை. ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை.

அவளுக்கென்று இருந்தது ஒரு தம்பி மட்டும்தான். பதினைந்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஒரு கிடங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவான்.

"எப்பக்கா வர்றே?"

"சீசன் முடியட்டும்டா."

"உங்க ஆபீசுல என்னிக்குக்கா சீசன் முடிஞ்சிருக்கு?" என்று சிரிப்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவனோடு வேலை பார்ப்பவர் கூப்பிட்டார். வேலை செய்துகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான். "டாக்டர் நம்பிக்கையா எதுவும் சொல்லலை. சீக்கிரம் வந்துடுங்கம்மா."

முதல் விமானம் நாலு மணி பத்து நிமிஷம், நடுவில் மூன்று மணி நேரம், அடுத்தது பதினாலு மணி இருபது நிமிஷம். விரல்கள் தாமாகவே தட்டின. பாஸ்போர்ட் தேதியைப் போடும் இடத்தில்தான் நின்றன. தம்பியின் நச்சரிப்புக்காக என்றோ எடுத்த பாஸ்போர்ட். காலாவதியாகி நாலு மாதம் ஆகியிருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் "தேதி பார்த்துட்டீங்களா?" என்று கேட்ட வாய் அவளுடையது.

மேனேஜர் கூடவே அலைந்தார். அப்படியும் புதுசும் அவசர விசாவும் கைக்கு வர மூன்று நாள் ஆயிற்று.

விமானம் மாறும் இடத்தில் போனை ஆன் செய்ததும் செய்தி வந்திருந்தது. தம்பி போய்விட்டான். சுற்றிலும் பெட்டிகளை உருட்டிக்கொண்டு ஆட்கள் போனார்கள், வந்தார்கள். யாரிடம் சொல்லி அழுவது? அழைப்பு வந்ததும் எழுந்து வரிசையில் நின்றாள். அந்தப் பதினாலு மணி இருபது நிமிஷமும் அவள் கண்ணை மூடவில்லை.

காரியங்கள் முடிந்ததும் தம்பியின் நண்பர் சாவியைக் கையில் கொடுத்தார். ஒற்றை அறை. துணியெல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தது. சுவரோரம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத மடக்குக் கட்டில் ஒன்று.

"அக்கா வந்தா படுக்கன்னு வாங்கினான். ஆறு வருஷம் இருக்கும். எங்க யாரையும் தொட விடமாட்டான்."

அவர் போன பிறகு உறையைப் பிரித்தாள். கட்டிலை விரித்துப் பட்டப்பகலில் படுத்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. நாலு நாள் அங்கேயே இருந்தாள்.

திரும்பும்போது பக்கத்து இருக்கைக்காரி பேச்சுக் கொடுத்தாள். "சொந்தக்காரங்களைப் பார்க்க வந்தீங்களா?"

"ஆமாங்க. தம்பி."

"நல்லா இருக்காரா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வீட்டை ரொம்பச் சுத்தமா வச்சிருக்கான்."