அய்யம்மாள் விட்டுவிட்ட வரி

எனக்கு யாரையும் லேசில் நம்பும் சுபாவம் கிடையாது. போடி வேதக்கோயிலில் உபதேசியாராக இருந்த இருபத்தாறு வருஷமும், ஆலய வாசலில் புதுச் செருப்பு ஒன்று கிடந்தாலே, ‘இது எதுக்கு வந்திருக்கு?’ என்றுதான் என் மனசு கேட்கும். சபையில் இலவசமாகக் கொடுத்த பால்பவுடருக்கு வந்தவர்கள் உண்டு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு வந்தவர்கள் உண்டு. மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு ஒதுங்க இடம் தேடி வந்தவளும் உண்டு. ஆண்டவரைத் தேடி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் அய்யம்மாளையும் சந்தேகப்பட்டேன். அதற்காக நான் அப்போது வெட்கப்படவில்லை.

எழுபத்து மூன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சிலமலைக்காரி. புருஷன் செத்த பிறகு போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போனவள். முப்பத்தைந்து வயசு இருக்கும். லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சி ஜெபம் பண்ணுவதைக் கேட்டுக் கேட்டு மனசு இழுத்துவிட்டதாம்.

“அய்யா, எனக்கு ஞானஸ்நானம் வேணும்.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு சொல்லத் தெரிஞ்சா நான் ஏன்யா படிக்க வர்றேன்?”

வாய்த்துடுக்குக்காரி என்று மனசில் குறித்துக்கொண்டேன்.

எங்கள் சபையில் பெரியவர்களுக்குச் சும்மா தண்ணீர் ஊற்றிவிட மாட்டார்கள். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம் மூன்றையும் பாராமல் சொல்ல வேண்டும். வருஷக் கடைசியில் குருவானவர் வந்து சபையார் முன்னால் கேட்பார். அது போக, ‘ஆட்சேபணை இல்லை’ என்று உபதேசியார் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் தலையில் விழாது.

ஞாயிறுதோறும் முதல் ஜீப்பில் இறங்கி வந்துவிடுவாள். எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வாள்.

அடுத்த வருஷம் காய்ப் பருவத்தில் அவள் பெயர் நாறிப்போனது. ஏலத்தோட்டத்தில் சாயங்காலம் வேலை விட்டதும் பெண்கள் கேட்டில் நின்று மடியை உதறிக் காட்ட வேண்டும். அய்யம்மாள் உதறியபோது ஏழெட்டுக் காய் விழுந்ததாம். கங்காணி சோணை சத்தம் போட்டு ஊரைக் கூட்டிவிட்டான். காய்க்கள்ளி என்று விரட்டிவிட்டார்கள். இன்னொரு தோட்டத்தில் வேலை தேடிக்கொண்டு, அடுத்த ஞாயிறே ஒன்றும் நடக்காதது மாதிரி வந்து உட்கார்ந்தாள். அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்தேன்.

அந்த டிசம்பரில் குருவானவர் முன்னால் எல்லாவற்றையும் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னாள். பரமண்டல ஜெபத்தில் மட்டும், எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று வருகிற வரியைத் தாண்டிப் போனாள்.

“ஒரு வரி விட்டுப்போச்சேம்மா” என்றார் குருவானவர்.

“விட்டுப்போகலய்யா. நாந்தான் விட்டுட்டேன்.”

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கள்ளிக்கு உள்ளே உறுத்துகிறது, மன்னிப்பு என்று வாயைத் திறந்தால் களவு வெளியே வந்துவிடும் என்று பயப்படுகிறாள். ஆட்சேபணை உண்டு என்று எழுதினேன்.

மறு வருஷமும் அதே வரியை விட்டாள். அதற்கு மறு வருஷமும் அப்படியே. குருவானவர்கள் மாறினார்கள், அவள் மாறவில்லை. இதற்கு நடுவில் நாற்பது வயசுக்கு மேல் ஆனா ஆவன்னா படித்தாள். பஸ்சுப் பலகையையும் கடைப் பலகையையும் எழுத்துக்கூட்டிப் பழகி, கடைசியில் ஞாயிற்றுப் பாடத்தை விரல் வைத்து வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். என் மேல் மொட்டை மனு போடத்தான் படிக்கிறாள் என்று என் பெண்சாதியிடம் சொன்னேன். மண் சரிந்து மலைப்பாதை அடைத்த வாரம்கூட நடந்தே இறங்கி வந்தாள். காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம். ‘இவ்வளவு பாடு படுகிறாளே, என்ன உள்நோக்கமோ?’ என்றுதான் எனக்குத் தோன்றியது.

எண்பத்தைந்தில், குருவானவர் வருவதற்கு முந்தின ஞாயிறு, என் பொறுமை போய்விட்டது.

“ஏத்தா, பதினோரு வருசமா ஒரே ஒரு வரி! சொல்லித் தொலைச்சாத்தான் என்ன?”

அவள் கோபப்படவில்லை. “நாங்க ஒரு செடியில இருக்கிற காயை ஒரேமட்டாப் பறிக்க மாட்டோம்யா. முத்துனதை மட்டும் எடுத்துட்டு, பிஞ்சை விட்டுட்டுப் போயிருவோம். ஒரு மாசம் கழிச்சு மறு சுத்து வந்து பாப்போம். பிஞ்சைப் பறிச்சா காயுறப்பச் சுருங்கிப்போகும், ஒண்ணுக்கும் ஆகாது. அந்த வரி எனக்கு இன்னும் முத்தல. முத்தாததைச் சாமிகிட்ட எப்பிடிக் குடுக்கிறது?”

“யாரை மன்னிக்க முடியல? அந்தச் சோணையவா?”

“அவனை அந்த வருசமே விட்டுட்டேன். அவன் சோலி அது.”

“பெறகு யாரைத்தான்?”

“விடுங்கய்யா.”

நான் விடுகிற ஆளா? குடைந்து குடைந்து கேட்டேன்.

“உங்களைத்தான்யா” என்றாள்.

நானா என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவளே சொன்னாள். “குனிஞ்சு பறிக்கிறப்பச் சேலை மடிப்புக்குள்ள காயி விழுகிறது எல்லாருக்கும் உள்ளதுதான். நான் பாக்கல. எங்க உபதேசியாரைக் கேளுங்க, நான் திருடுறவளான்னு அவரு சொல்லுவாருன்னு மேனேஜரைக் கெஞ்சினேன். அவரும் மறுநா காலையில ஜீப்பை இங்கன கொண்டாந்து நிப்பாட்டினாரு. நீங்க வாசல்ல நின்னுக்கிட்டு, ‘பால்பவுடருக்கு வர்ற கூட்டம், இதுகளுக்கு நான் எப்பிடி உத்தரவாதம் சொல்றது?’ன்னீங்க. ஜீப்புப் படுதாவுக்கு உள்ள நான் உக்காந்திருந்தேன்.”

இதை நான் இதுவரை சொல்லவில்லையே என்றால், மறைக்கவில்லை, மறந்தே போயிருந்தேன். ஜீப் வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் ஒருநாள்கூடப் பால்பவுடர் வாங்கியதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

“பக்கத்துல தேவாரம் ஊர்லயும்தான் சபை இருக்கு. எங்கிட்டயே எதுக்கு வந்த?”

“அங்க போயிச் சொன்னா லேசாச் சொல்லிரலாம். உங்க மூஞ்சியப் பாத்துல்ல சொல்லணும்?”

இவ்வளவுக்குப் பிறகும், கையெழுத்துக்காக நாடகம் ஆடுகிறாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். சீ, என்ன ஜென்மம் நான் என்று என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறு ஞாயிறு குருவானவர் முன்னால் அந்த வரி வந்ததும் வழக்கம்போல் தாண்டப் போனாள். நான் எழுந்துவிட்டேன். “அய்யா, அவளைக் கேக்கிறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்து, ஜீப் வாசலில் நின்ற காலையை ஒன்று விடாமல் சபை முன்னால் சொன்னேன். “எம்மேல தப்பு, ஆத்தா” என்று அவள் பக்கம் திரும்பிச் சொன்னேன்.

அய்யம்மாள் ஜெபத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள். அந்த வரி வந்தபோது என் முகத்தை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, கடைசி வரைக்கும் முடித்தாள்.

குருவானவர் தாளை என் பக்கம் தள்ளினார். ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அய்யம்மாள் கிட்டே வந்து, அதன் மேல் விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“நெசமாத்தானய்யா?”

பேனாவை எடுத்து, அதற்குக் கீழே அதையே இன்னொரு தடவை எழுதிக் காட்டினேன்.