குசினி இல்லாத அறை

அறுபத்திரண்டு வயதுவரை நான் ஒரு ஹோட்டலிலும் படுத்து எழும்பியதில்லை. எங்கள் ஆட்களுக்குப் பயணம் என்றால் சொந்தக்காரர் வீடுதான். பாரிஸுக்குப் போனால் மனைவியின் தங்கை வீடு. சூரிச்சுக்குப் போனால் என் அக்காவின் மகன் வீடு. டொரொண்டோவுக்குப் போனால் எந்த வீட்டில் முதலில் நிற்பது என்பதற்கே ஒரு கிழமை சண்டை. விமான நிலைய வாசலில் வான் வந்து நிற்கும், வீட்டில் நிலத்தில் மெத்தைகள் விரித்திருக்கும். இவ்வளவு சொந்தம் இருக்கும் ஊரில் ஹோட்டலில் போய் நின்றால், பிறகு அந்தப் பக்கம் ஒரு கலியாணவீட்டுக்கும் தலைகாட்ட ஏலாது.

புளோரன்ஸ் எங்கள் வீட்டுக்குள் வந்தது, துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் ஒரு ‘பஸில்’ பெட்டியில். ஊரடங்குக் காலத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி வாசலில் வைத்துவிட்டுப் போனது. ஆயிரம் துண்டுகள். அந்த நகரத்தின் பெரிய தேவாலயமும் அதன் சிவப்புக் கும்மட்டமும். என் மனைவி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். பள்ளிக்கூடம் பூட்டியதால் வீட்டில் இருந்தாள். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் எங்கள் சின்ன வீட்டின் சாப்பாட்டு மேசையை அந்தக் கும்மட்டம் மூன்று கிழமை பிடித்துக்கொண்டது. நாங்கள் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். எல்லாம் ஒரே சிவப்பாக இருக்கும் ஓடுகளை அவள் எப்படித்தான் பிரித்தறிந்தாளோ, கடைசித் துண்டுவரை பொருத்தினாள்.

படத்தின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கட்டடம். அதில் பச்சைப் பலகைக் கதவு போட்ட ஒரு ஜன்னல். அவள் அதில் விரலை வைத்துச் சொன்னாள்:

“இந்த ஜன்னலுக்குப் பின்னாலை இருக்கிற ஆள் காலமை எழும்பினவுடனை இதைத்தானே பார்க்கும். குடுத்து வைச்ச சீவன்.”

முப்பத்து நான்கு வருடத் தாம்பத்தியத்தில் அவள் எனக்கு முன்னால் ஆசை என்று எதையும் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அவளுடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு அங்கே கூட்டிக்கொண்டு போவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

பிறந்தநாள் நெருங்கியது. இடம் பார்க்கும் பொறுப்பை நான் எடுத்தேன். முதலில் நினைத்தது அண்ணையைத்தான். பெரியப்பாவின் மகன். ஊரை விட்டு வந்த புதிதில் இரண்டு வருடம் என்னைத் தன்னோடு ஒரே மெத்தையில் படுக்க வைத்தவர். புளோரன்ஸிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலத் தூரத்தில் இன்றைக்கும் இருக்கிறார். நான் சொன்னவுடன் மனைவி, “ஓம், அங்கையும் ஒரு வீடு இருக்குத்தானே” என்றாள். அந்த ‘அங்கையும்’ என் காதில் கொஞ்சம் உறுத்தியது. அதனால் மூளையைப் பாவித்து வேறொரு திட்டம் போட்டேன்.

அந்தத் திட்டத்தை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டவேண்டும் போல இருக்கிறது. நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலைப் பக்கத்தில், அண்ணையின் வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் நடுவில் ஒரு இடம் பிடித்தேன். ஹோட்டல்தான், ஆனால் அறையோடு குசினி. நாலு அடுப்பு, பெரிய குளிர்சாதனப் பெட்டி, ஆறு பேர் இருக்கும் மேசை. கீழே வாகனம் விடலாம். எங்களிடம் அங்கே வாகனம் இல்லை. அண்ணையின் வானுக்குத்தான் அது. ஒருநாள் அவர்கள் சாப்பிட வருவார்கள் அல்லவா? தங்கப்போகும் எங்களை விட்டுவிட்டு, சாப்பிட வரப்போகும் விருந்தாளிக்காக ஹோட்டல் பிடித்த மனிதன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்கவேண்டும்.

படங்களை அவளுக்குக் காட்டினேன். மொத்தம் பன்னிரண்டு படம், அதில் ஏழு குசினி. “எப்பிடி?” என்றேன், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “நல்ல வெளிச்சமான குசினி” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை வீடெல்லாம் மிளகாய்த்தூள் வறுத்த மணம். நெருப்பு எச்சரிக்கைப் பெட்டி கத்தியது. நான் துவாயால் அதற்கு விசிறிக்கொண்டு நிற்க, அவள் அடுப்படியிலிருந்து சொன்னாள்: “அந்தச் சின்ன ரைஸ்குக்கர் லொஃப்டிலை கிடக்கு. எடுத்துத் தாங்கோ. பெட்டிக்குள்ளை வைக்கவேணும்.”

ஏணி வைத்து ஏறினேன். ரைஸ்குக்கருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி நிறையப் பழைய போட்டோக்கள். அங்கேயே குந்தியிருந்து பார்க்கத் தொடங்கினேன். பாரிஸ் கோபுரத்தின் கீழே நாங்கள் பதினொரு பேர். கைக்குழந்தைகள்கூட இருந்தார்கள். மனைவியைத் தேடினேன், காணவில்லை. படத்தை எடுத்தது அவளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சூரிச் ஏரிக்கரைப் படத்திலும் அவள் இல்லை. நயாகராவில் எல்லோரும் நீல மழைச்சட்டையோடு நிற்கிறோம், அங்கேயும் இல்லை. அவள் இருந்த படங்கள் தனியாகக் கிடந்தன. யாருடையவோ குசினியில், கையில் அகப்பையோடு, யாரோ கூப்பிடத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு குசினி.

ரைஸ்குக்கரோடு பாரிஸ் படத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

“இதை எடுத்தது நீர்தானே?”

அவள் எட்டிப் பார்த்தாள். “இல்லை, ரோட்டாலை போன ஆரோ ஒரு ஆள் எடுத்துத் தந்ததாம். அண்டைக்கு நான் வீட்டிலை நிண்டு இடியப்பம் அவிச்சனான். எல்லாரும் பசியோடை வருவியள் எண்டு.”

“அப்ப சூரிச்? ஏரியைப் பார்த்தனீர்தானே?”

“குசினி ஜன்னலாலை கொஞ்சம் தெரிஞ்சது.”

குறையாகச் சொல்லவில்லை. வறுத்த தூளைப் போத்தலில் கொட்டிக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் பொல்லாத கோபம் வந்தது. “ஏன் நீர் ஒருநாளும் சொல்லேல்லை?” என்று கத்தினேன். எனக்கு வெட்கம் வந்தால் அது முதலில் கத்தலாகத்தான் வெளியே வரும்.

“ஆர் கேட்டது?” என்றாள் அவள்.

ரைஸ்குக்கரைத் திரும்ப லொஃப்டில் கொண்டுபோய் வைத்தேன். இறங்கி வந்து, பிடித்திருந்த இடத்தை வேண்டாமென்று அறிவித்தேன். பிறகு மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து அவளுக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டேன்.

“இந்தமுறை நீர் சொல்லும்.”

முதலில் கூச்சப்பட்டாள். பிறகு வரைபடத்தில் தேவாலயத்தைக் கண்டுபிடித்து அதில் விரலை ஊன்றினாள். அந்த விரலைச் சுற்றித்தான் தேடினோம். அவளுக்கு முழங்கால் நோ. நாளெல்லாம் நின்று வேலை செய்த கால். நடந்து களைத்தால் பத்து நிமிடத்தில் வந்து காலை நீட்டக்கூடிய தூரமாக இருக்கவேண்டும். லிப்ட் வேண்டும். ஒவ்வொரு இடத்தைப் பற்றியும் முன்பு தங்கியவர்கள் எழுதியதை நான் வாசித்துச் சொன்னேன். ஒரு பழைய கட்டடத்தைப் பற்றி ஒருவர் காய்ந்து விழுந்திருந்தார். அறை சின்னது, தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு கேத்தில்கூட இல்லை, ஜன்னலுக்கு நேரே தேவாலயம் நிற்பதால் காலையில் மணிச்சத்தம் மனிதரைத் தூங்க விடாது என்று.

“இதைப் போடுங்கோ” என்றாள் மனைவி.

அறை பதிவானது. நாங்கள் வருவது அண்ணைக்குத் தெரியும், ஹோட்டல் விஷயத்தை இனித்தான் சொல்லவேண்டும். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பயந்து பயந்து போன் எடுத்தேன். நான் நினைத்தபடியே வெடித்தார்.

“டேய், நான் இஞ்சை உயிரோடை இருக்கேக்கை நீ ஹோட்டலிலை நிப்பியோ? சனம் என்னைப் பற்றி என்ன கதைக்கும்? அண்ணி உங்களுக்கெண்டு மெத்தையெல்லாம் வெயிலிலை போட்டு எடுத்து வைச்சிருக்கிறாள்!”

பொய் சொல்லலாம் என்று இரண்டு மூன்று யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. “அண்ணை, கோவிக்காதேங்கோ. அவள் போன இடமெல்லாம் குசினியைத்தான் பார்த்திருக்கிறாள். ஒரு நாலு நாள் குசினி இல்லாத இடத்திலை வைச்சிருக்க ஆசைப்படுறன்” என்றேன். பாரிஸ் படத்தைப் பற்றியும் சொன்னேன்.

திரும்ப வெடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவரோ மெல்லிய குரலில் கேட்டார்: “தம்பி, அந்த ஹோட்டலிலை இன்னுமொரு அறை இருக்குமோ?”

“ஏன் அண்ணை?”

“முப்பத்தைஞ்சு வரியமா அண்ணி இஞ்சை இருக்கிறாள். அந்தக் கும்மட்டக் கோயிலை அவள் இன்னும் உள்ளுக்குப் போய்ப் பார்க்கேல்லை. லண்டனாலை, ஜேர்மனியாலை வாற ஆக்களை எல்லாம் நான்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறனான். அவள் வீட்டிலை நிண்டு சமைப்பாள்.”

மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். இன்னொரு அறை இருந்தது. ஆனால் அதன் ஜன்னல் பின்பக்க முற்றத்தைப் பார்த்தது. ஆண்கள் இரண்டு பேரும் அதை எடுத்துக்கொள்வது என்று போனிலேயே முடிவானது.

பிறந்தநாள் காலை, மணி அடிக்கத் தொடங்கியபோது நானும் அண்ணையும் பெண்களின் அறைக் கதவுக்கு வெளியே நின்றோம். திரும்பவும் ஒரே மெத்தையில் படுத்து, இருவருக்கும் முதுகு பிடித்திருந்தது. தட்டினேன். திறக்கவில்லை. உள்ளே பலகைக் கதவுகளைத் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு பெண்களும் சிரிப்பது கேட்டது. என் மனைவி அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை.

“டேய், பசிக்குதடா” என்றார் அண்ணை, காதுக்குள்.

“வாயைத் திறக்காதேங்கோ அண்ணை” என்றேன்.

திரும்பத் தட்டினேன். “பொறுங்கோ,” என்று மனைவியின் குரல் வந்தது, “நாங்கள் இன்னும் பார்த்து முடியேல்லை.”

நாங்கள் பொறுத்திருந்தோம்.