துண்டுக்கு அடியில் பாட்டு வகுப்பு

சின்னமனூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் பாட்டு டீச்சராகச் சேர்ந்த புதிதில், மூன்றாம் வகுப்பு என்னைப் படாத பாடு படுத்தியது. நாற்பத்திரண்டு பிள்ளைகள், வாரத்துக்கு ஒரே பீரியடு. பாட்டு டீச்சர் பரீட்சை வைக்க மாட்டாள், மார்க் போட மாட்டாள் என்பது அதுகளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

எனக்கோ கோபம் மூக்கு நுனியில். ஸ்கேலை எடுத்து மேசையில் ஓங்கித் தட்டுவேன். தட்டின தட்டுக்கு நாற்பத்திரண்டு பேரும் பெஞ்சில் தாளம் போடுவார்கள். அதுவும் பிசகாத தாளம். திட்டவும் முடியாது, பாராட்டவும் முடியாது.

பக்கத்து அறையில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர் தலைமையாசிரியை. ஒரு புதன்கிழமை சாக்பீசும் கையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“இது கிளாசா, சந்தைக்கடையா? அடுத்த புதனும் சத்தம் கேட்டுச்சுன்னா இந்தப் பீரியடைக் கணக்குக்கு மாத்திருவேன்.”

இங்கே மாற்றினால் மற்ற வகுப்புகளிலும் மாற்றுவார். அப்புறம் எனக்கு அந்தப் பள்ளியில் என்ன வேலை? அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

அவர் தலை மறைந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. அலுத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன். மூன்றாவது பெஞ்சில் இரண்டு சிறுமிகள் மட்டும் சத்தமே காட்டாமல் இருந்தார்கள். நடுவில் ஒரு கைத்துண்டு, அதற்குள் இருவர் கையும்.

“அங்கன என்ன பண்றீக?”

ஒருத்தி உதட்டில் விரலை வைத்தாள். எனக்கே!

“பென்சில் வெல பேசுறோம் டீச்சர். எங்கப்பா சந்தையில இப்பிடித்தான் பேசுவாக. வாயத் தொறந்தா ஏவாரம் முறிஞ்சு போகும்.”

அவள் அப்பா பக்கத்து ஊரான தேவாரத்தில், மாட்டுச் சந்தைத் தரகர். விற்பவர் கையையும் வாங்குபவர் கையையும் துண்டால் மூடி, விரலைப் பிடித்தே விலையைச் சொல்லிக்கொள்வார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த புதன்கிழமை ஆறு துண்டுகளோடு வகுப்புக்குப் போனேன், வரிசைக்கு ஒன்று. ஒரு விரலைப் பிடித்தால் ஸ, இரண்டு பிடித்தால் ரி, ஐந்து பிடித்தால் ப. முதல் பிள்ளைக்கு நான் துண்டுக்குள் விரல் பிடித்துச் சொல்வேன், அது அடுத்த பிள்ளைக்குச் சொல்லும். வரிசையின் கடைசிப் பிள்ளை எழுந்து அந்தச் சுரத்தைப் பாட வேண்டும். நடுவில் யார் வாயைத் திறந்தாலும் ஏவாரம் முறிந்தது, மறுபடி முதலிலிருந்து.

முதல் தடவை சிரிப்பில் முறிந்தது. இரண்டாவது தடவை என் தும்மலில் முறிந்தது. அதற்கு அதுகள் என்னை முறைத்த முறைப்பை இன்னும் மறக்கவில்லை. மூன்றாவது தடவை, மின்விசிறிச் சத்தமும் என் செல்போனில் ஓடிய சுருதியும் மட்டும் கேட்டன. கடைசியில் இருந்த பயல் எழுந்து, கண்ணை மூடிக்கொண்டு ‘க’ பாடினான். அப்படியே சுருதியில் போய் ஒட்டியது. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் பிள்ளைகள் சும்மா விடுமா?

சத்தம் இல்லாததைக் கேட்டுத் தலைமையாசிரியை ஓடி வந்தார்.

“புள்ளைகள எங்க விட்டீக?”

நாற்பத்திரண்டு பேரும் உதட்டில் விரலை வைத்தார்கள். தரகர் மகள் அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் வரிசையின் கடைசியில் உட்கார வைத்தாள். துண்டு வந்தது. ஐந்து விரல். அவர் தயங்கித் தயங்கி எழுந்து, மெல்ல ‘ப’ பாடினார்.

“இன்னுங் கொஞ்சம் மேல, டீச்சர்” என்றாள் அவள்.

மறுபடி பாடினார். சேர்ந்தது. வகுப்பு கைதட்டிய சத்தம் நிச்சயம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியும் கேட்டிருக்கும்.

மணி அடித்த பிறகு வராந்தாவில் என்னை நிறுத்தினார். என் கையைத் தன் முந்தானையால் மூடி, இரண்டு விரல்களைப் பிடித்தார். வாரத்துக்கு இரண்டு பீரியடு. போன புதன்கிழமை என்றால் காலில் விழுந்திருப்பேன். இப்போது கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போக நான் என்ன கேனையா? கையை உருவி, அவருடைய மூன்று விரல்களை அழுத்திப் பிடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இப்போது மூன்றாம் வகுப்புக்குத் திங்கள், புதன், வெள்ளி பாட்டு.