கண்ணுக்குத் தெரியாத ஏற்றம்

காசு கட்டிச் சைக்கிள் ஓடுகிறவர்களை அதுவரை நான் கண்டதில்லை. என் மனைவி எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கட்டிவிட்டு, வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஃபோனை என் பக்கம் திருப்பி வைத்தாள். அவிசாவளைக்கு அப்பால் ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடிய பாதை. தண்டவாளத்தைக் கழற்றிப் பல காலமாகிறது. இப்போது அதில் வழிகாட்டியோடு சைக்கிள் சவாரி. ஹெல்மெட், தண்ணீர்ப் போத்தல், மத்தியானச் சாப்பாடு எல்லாம் அடக்கம். கண்ணைக் கவரும் இயற்கைக் காட்சிகள் என்று வேறு போட்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் தண்டவாளம் இல்லாத ரயில் பாதையில் வருஷக்கணக்காகச் சைக்கிள் ஓடியவன் நான். தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த சிலிப்பர் கட்டைகள் பங்கர் என்ற பதுங்குகுழிகளுக்குப் போயிருந்தன. பெற்றோல் கண்ணில் காணக் கிடையாது. டியூஷனுக்கும் செத்த வீட்டுக்கும் அந்தக் கல்லுப் பாதையில்தான் உழக்கினோம். வழிகாட்டி என்று ஒருவரும் வரவில்லை, இயற்கைக் காட்சி என்று ஒருவரும் சொல்லவுமில்லை.

"சிரிக்காதேங்கோ," என்றாள். "அந்த ஒரு நாள் மட்டும் சிரிக்காமல் எனக்குப் பக்கத்தில வாங்கோ. வேற ஒண்டும் கேக்கேல்லை."

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். பஸ் ஏறத் தெரியும், சைக்கிள் ஏறத் தெரியாது. கல்யாணமான புதிதில், தனக்கும் ஓடப் பழக்கிவிடச் சொன்னாள். ஒரு சினேகிதனின் சைக்கிளை வாங்கி எங்கள் ஒழுங்கையில் அவளை ஏற்றிவிட்டேன். நாலு முழம் போவதற்குள் மதிலோடு போய் மோதினாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நான் சிரிக்க, சினேகிதனும் சிரித்தான். அவள் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகு இருபத்தேழு வருஷமாக அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

இப்போது ஐம்பத்துமூன்று வயதில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கீழ் வீட்டு முஸ்லிம் அக்காவோடு கடலோர மரைன் டிரைவில் சைக்கிள் பழகியிருக்கிறாள். காசு கட்டிய பிறகுதான் எனக்குச் சொன்னாள். சிரிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு விடிய வான் வண்டியில் போய் இறங்கினோம். கூட வந்தவர்கள் கொள்ளுப்பிட்டி வங்கி ஒன்றின் ஆட்கள். பளபளவென்று ஒட்டின காற்சட்டை, கறுப்புக் கண்ணாடி, முழங்காலுக்குக் கவசம். போருக்குப் போகிறவர்கள்கூட இவ்வளவு மாட்டிக்கொண்டு போனதில்லை. வழிகாட்டி ஒரு சிங்களப் பொடியன். பார்வைக்குப் பாதை மட்டமாகத்தான் இருக்கும், ஆனால் ரயில் இழுக்கக்கூடிய மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும், கியரை இறக்கி வைத்து ஓடுங்கள் என்று விளங்கப்படுத்தினான். பாதையைப் பார்த்தேன். பலகை மாதிரிக் கிடந்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறானே என்று நினைத்துக்கொண்டேன்.

"கியரே இல்லாத சைக்கிள்ல முப்பது கட்டை தூரம் ஓடினனான், மல்லி," என்று தம்பி முறை வைத்துச் சொன்னேன். அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ, தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனான்.

மனைவி ஹெல்மெட்டை நாடியில் இறுக்கிக்கொண்டு ஏறினாள். முன்சில்லு பாம்பு போல நெளிந்தது. எனக்கு மூக்கால் ஒரு சத்தம் வந்துவிட்டது.

"சிரிக்கிறியளோ?"

"இருமல்."

அவள் பாதையை மட்டும் பார்த்து ஓடினாள்.

நான் ஆகப் பாரமான கியரில் போட்டுக்கொண்டு முன்னுக்குப் போனேன். பக்கத்தில் வரச் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் அந்த வேகத்தில் ஓடினால் என் மானம் என்னாவது? றப்பர் தோட்டத்துக்கு நடுவே பழைய ஸ்டேஷன் ஒன்று வந்தது. யாரோ அதில் குடியிருந்தார்கள், பிளாட்பாரத்தில் உடுப்புக் காய்ந்தது. வங்கிக்காரர்கள் அதை விழுந்து விழுந்து படமெடுத்தார்கள். எங்கள் ஊர் ஸ்டேஷனுக்குக் கூரையே இல்லாமலிருந்தது, ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாதி வழியில் தொடை எரியத் தொடங்கியது. சீற் உயரம் போதாது என்றேன், டயரில் காற்றுக் குறைவு என்றேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். கடைசியில் இறங்கி, பிறேக் சில்லில் உரசுகிறதா என்று குனிந்து பார்த்தேன். உரசவில்லை. நிமிர்ந்து பின்னால் பார்த்தபோதுதான், நாங்கள் கடந்து வந்த இரும்புப் பாலம் எவ்வளவோ பள்ளத்தில் தெரிந்தது. எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் மதகு ஒன்றுதான். ஏறிக்கொண்டே போகும் பாதையை என் கால்கள் கண்டதே இல்லை.

அவள் மெதுவாக வந்து சேர்ந்தாள். கியரை இறக்கி வைத்திருந்தாள். தையல் மெஷின் மிதிப்பதுபோலக் கால்கள் சிரமமில்லாமல் சுழன்றன.

"என்னப்பா?"

"செயின் கழண்டிட்டுது. நீர் போம், பின்னால வாறன்."

செயின் இருந்த இடத்தில்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், போய்விட்டாள். மறுபடி ஏறி ஐம்பது யார் தூரம் போனதும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பாதையோரம் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த சின்ன லொறியில் வழிகாட்டி என் சைக்கிளைத் தூக்கிப் போட்டு, என்னை முன்சீற்றில் ஏற்றினான். "கமக் நே, அங்கிள்," பரவாயில்லையாம். அந்தப் பரவாயில்லை எனக்கு நன்றாகவே சுட்டது.

முடிவிடத்துக்குக் கிட்ட லொறி அவளைத் தாண்டியது. முகம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டி, ஓடிக்கொண்டிருந்தாள். நான் சீற்றில் தாழ்ந்து பதுங்கினேன். கண்டுவிட்டாள். என் சைக்கிளைப் போலவே நானும் லொறியில் ஏற்றப்பட்டுப் போவதைப் பார்த்து அவள் சிரிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். சிரிக்கட்டும் என்றுகூட இருந்தது.

அவள் வந்து சேர்ந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நேரே என்னிடம் வந்து, தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"கால் நோகுதோ?"

"ஓம்." வெட்கத்தில் என்னால் முகத்தைத் தூக்க முடியவில்லை. "பரவாயில்லை, ஒருக்காச் சிரியும்."

"மாட்டன்," என்றாள். "நான் சிரிச்சால் நீங்கள் இனிச் சைக்கிள்ல ஏற மாட்டியள். எனக்குத் தெரியும்."