பெட்டியில் ஊர் சுற்றிய ஐயன்

எங்கள் பக்கத்தில் அப்பாவை ஐயன் என்போம். என் ஐயன் உயிரோடு இருந்தவரை கிழக்கே ஈரோட்டைத் தாண்டியதில்லை. தெற்கே பழனி, அதுவும் காவடி எடுத்ததற்காக. இறந்த பிறகுதான் மதுரைக்குப் போனார், திருநெல்வேலிக்குப் போனார், கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கும் போனார். எல்லாப் பயணமும் ஒரு தகரப் பெட்டிக்குள்.

சினிமா பேச ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கோயமுத்தூருக்குக் கிழக்கே படம் பிடிப்பதற்கென்று பெரிய கொட்டகை போட்டிருந்தார்கள். அங்கே ஒரு புராணப் படம் எடுத்தார்கள். ராஜா ரதமேறிப் போருக்குக் கிளம்பும் காட்சி. பலகையிலும் அட்டையிலும் ரதம் செய்து தங்கக் காகிதம் ஒட்டியாயிற்று. ஆனால் கொண்டுவந்த குதிரைகள் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து மிரண்டு, அட்டைக் கோட்டையின் ஒரு பக்கத்தையே உதைத்துத் தள்ளிவிட்டன. அப்போது யாரோ சொல்லியிருக்கிறார்கள், கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் காங்கயம் காளை ஜோடி இருக்கிறது, வெள்ளை வெளேரென்று ராஜாவுக்கே பொருத்தமாக இருக்கும் என்று. எந்தப் புராணத்தில் எந்த ராஜா மாடு பூட்டிக்கொண்டு போருக்குப் போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை. காளைகள் எங்களுடையவை.

அந்த ஜோடி ஐயனைத் தவிர வேறு யார் கயிற்றைப் பிடித்தாலும் அசையாது. ஆகவே அவரையே சாரதியாக்கிவிட்டார்கள். பட்டு வேட்டி, மாரில் முத்துமாலை, தலையில் சரிகைத் துணி. மீசையை எடுக்க மட்டும் தலைகீழாக நின்றாலும் விடமாட்டேன் என்றாராம். கடைசியில் மீசையோடுதான் நின்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஐயன் மாட்டை அடித்து ஓட்டுகிறவர் இல்லை. வண்டி பூட்டியதும் நுகத்தடிப் பக்கம் குனிந்து, "நட கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்பார். சந்தைக்குப் போனாலும் அதைத்தான் சொல்வார், பருத்தி ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனாலும் அதைத்தான் சொல்வார். வீடு என்றதும் காளைகள் கழுத்து மணி குலுங்கக் கிளம்பிவிடும். வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மைல் கணக்காகப் போகிறோம் என்று அவற்றுக்கு எப்போதாவது தெரிந்ததா, தெரியவில்லை.

"வாயில்லாத சீவனுகிட்ட பொய் சொல்றீங்களே, ஆகுமுங்களா?" என்று அம்மா கேட்பாள்.

"என்னைக்கிருந்தாலும் ஊட்டுக்குத்தான வாரோம்? சித்தெ முன்னாடியே சொல்லிப்போடறேன், அவ்வளவுதான்" என்பார் ஐயன்.

படக் கொட்டகையில் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்களாம், வாயைத் திறக்கக் கூடாது. அந்தக் காலத்தில் படம் ஓட ஓடவே பேச்சையும் சேர்த்துப் பிடித்துவிடுவார்கள். இருமினாலும் இருமல் படத்தில் ஏறிவிடும். ராஜா வீர வசனம் பேசி முடித்துக் கையை உயர்த்தினார். ரதம் கிளம்ப வேண்டும். காளைகள் நின்ற இடத்தில் நின்றன. ஐயன் கயிற்றைச் சுண்டினார், தட்டிக்கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. உயர்த்திய கையை இறக்க முடியாமல் ராஜாவுக்குக் கை நடுங்குகிறது. ஐயன் குனிந்தார். "நட கண்ணு, ஊட்டுக்குப் போலாம்."

ரதம் கிளம்பிவிட்டது. படம் எடுத்தவர் தலையில் அடித்துக்கொண்டாராம். ஆனால் பிலிம் விலை என்ன விலை! ராஜா வேறு சாயங்கால ரயிலுக்குப் பட்டணம் போக வேண்டும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த ஐயன் முகம் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் அரிதாரம் அப்படியே இருந்தது. "பெரிய மனுசங்க வேலையக் கெடுத்துப்போட்டனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "சினிமாவுலயும் பொய் சொல்லிப்போட்டு வந்துட்டாரு" என்று என்னிடம் சொன்னாள்.

அந்த மழைக்காலத்துக் காய்ச்சலில் ஐயன் போய்விட்டார். எங்கள் வீட்டில் அவர் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று பயந்த வீடு எங்களுடையது. இந்தப் படத்தில்தான் அவர் முகம் இருந்தது. அவர் குரலும் அதில்தான் இருந்தது. அம்மாவுக்கு அது வேண்டும். வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்டதில்லை.

படம் வெளியானது. மொத்தமே சில பிரதிகள்தான் போட்டார்கள் என்றார்கள். முதலில் பட்டணம், பிறகு கோயமுத்தூர். நான் அப்போது கல்யாணமாகிச் சிங்காநல்லூரில் இருந்தேன். வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை. வண்டி பிடித்தால் டாக்கீசுக்குப் போய்விடலாம். ஆனால் ஐயனுக்கு வருஷம் திரும்பவில்லை. வருஷம் திரும்புகிறவரை அம்மா தோட்டங்காட்டைத் தாண்டி எங்கும் வரமாட்டாள். நான் போய்க் கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன்.

"வருசம் திரும்பட்டும் கண்ணு. படம் எங்க போயிருது?"

"எங்கீங்கம்மா போயிருதா? பெட்டியக் கட்டிட்டு அடுத்த ஊருக்குப் போயிருமுங்க!"

"போனா வரும்."

அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு அந்த வீட்டில் சோறு தின்னாமல் திரும்பினேன். "நாமாவது போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றார் வீட்டுக்காரர். அம்மா கேட்காத குரலை நான் கேட்பதாக இல்லை. அந்தப் பிடிவாதம் அவளிடமிருந்து எனக்கு வந்ததுதான்.

பார்த்துவிட்டு வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, உங்கய்யனாமா அது? ராசா சண்டைக்குக் கெளம்பறாரு, இவரு ஊட்டுக்குப் போலாங்கறாரு! கொட்டாயே சிரிச்சுதுங்க. ஒன்ஸ்மோர், ஒன்ஸ்மோர்னு ஒரே கூச்சல், மறுக்காப் போட்டுக் காட்டினாங்க." எனக்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் சொன்னபடியே ஆயிற்று. பெட்டியைக் கட்டி ரயிலேற்றிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அரைத் தூக்கத்தில் இருப்பது போலத்தான் இருக்கிறது. மில் சங்கு ஊதி வீட்டுக்காரர் போன பிறகு, ஏரிப் பக்கமிருந்து காற்று வரும். வாசற்படியில் அரிசி புடைத்துக்கொண்டே ஐயனைத் தேடிக்கொண்டிருப்பேன். ரயிலின் சரக்குப் பெட்டியில் கருவாட்டுக் கூடைக்கும் துணி மூட்டைக்கும் நடுவே ஒரு தகரப் பெட்டி. அதற்குள் சுருண்டு கிடக்கிற பிலிம். அதற்குள் முத்துமாலையும் மீசையுமாக ஐயன். வழியில் வைகை வரும், தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். திருநெல்வேலிப் பக்கத்து மாடுகளைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார். கடலை அவர் கண்டதே இல்லை. கப்பலில் என்ன செய்வார்? காளைகளின் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்பாரோ? ஒவ்வொரு ஊரிலும் பொழுது சாய்ந்ததும் இருட்டில் விளக்குப் போட்டு அவரை எழுப்புவார்கள். அவர் குனிந்து அந்த ஒரு வரியைச் சொல்வார். ஊர் சிரிக்கும். மறுபடி பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்வார்.

வீட்டுக்காரருக்கு டாக்கீசில் டிக்கெட் கிழிக்கிற ஒருவர் பழக்கம். பெட்டி எங்கே போயிருக்கிறது என்று அவர் வழியாகத் தெரிந்துவிடும். நான் கருமத்தம்பட்டி பஸ்ஸில் போய் இறங்கி வீட்டுப்படி ஏறுவதற்குள் அம்மா கேட்பாள்.

"உங்கய்யன் இப்ப எந்தூர்ல இருக்காராமா?"

"திருச்சினாப்பள்ளிங்கம்மா."

"அங்க வெயில் நெம்ப அதிகமாமே" என்பாள். இன்னொரு தடவை, யாழ்ப்பாணம் என்றதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு, "போற ஊர்ல எல்லாம் ஊட்டுக்குப் போலாம், ஊட்டுக்குப் போலாங்கறாரு. இன்னும் வந்து சேரக் காணமே" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தேன்.

வருஷம் திரும்பியது, திதி கொடுத்தோம். பெட்டி திரும்பவில்லை. சோளம் அறுத்து, மறுபடி விதைத்தும் ஆயிற்று. அதற்கும் பிறகு ஒரு மாசி மாதத்தில் கருமத்தம்பட்டிச் சந்தைக்குப் பக்கத்தில் டூரிங் கொட்டாய் போட்டார்கள். தப்பட்டை அடித்துக்கொண்டு வந்த வண்டியிலிருந்து விழுந்த நோட்டீசைப் பொறுக்கி, எங்கள் காட்டில் வேலை செய்த ஒருவர் அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நோட்டீசில் ரதம் போட்டிருந்தது.

உடனே எங்களுக்கு ஆள் அனுப்பினாள். வெள்ளைச் சீலை கட்டினவளுக்கு டாக்கீஸ் கேட்கிறதா என்று பங்காளி வீட்டில் பேசியது அவள் காதிலும் விழுந்திருக்கும். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதே காளைகளைப் பூட்டச் சொன்னாள். ஐயன் போன பிறகு அவை யாருக்கும் சரியாக நடப்பதில்லை. என் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்து, இழுத்து, தள்ளி, ஒரு வழியாக விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கொட்டாய்க்குள் பெண்கள் பக்கம் மணல். நடுவே ஒரு படுதா, அந்தப் பக்கம் ஆண்கள். வெளியே எண்ணெய் எஞ்சின் தடதடத்தது. படம் முழுக்க மழை பெய்வது போலக் கோடு கோடாக விழுந்தது. யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டது. அம்மா சம்மணம் போட்டு, கைகளை மடியில் வைத்து, கோயிலில் உட்காருவது போல உட்கார்ந்திருந்தாள்.

ரதம் வந்தது. கோடுகளுக்கு நடுவே எங்கள் காளைகள். ஐயன். மீசை. என் கையை அம்மா பிடித்தாள். ராஜா வசனம் பேசிக் கையை உயர்த்தினார். ஐயன் கயிற்றைச் சுண்டினார், தட்டிக்கொடுத்தார், குனிந்தார். வாயைத் திறந்தார்.

திரை ஒரு துள்ளுத் துள்ளியது. ரதம் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

கொட்டாயில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க அங்கே ஒன்றுமில்லை.

"சொன்னாரா கண்ணு?" என்றாள் அம்மா. "எனக்குக் காது கேக்கலையா?"

"சொல்லலீங்கம்மா" என்றேன். பிறகு ரதமும் வரவில்லை, ஐயனும் வரவில்லை. மீதிப் படத்தில் என்ன நடந்தது என்று எனக்கு ஞாபகமில்லை.

படம் விட்டதும் வீட்டுக்காரர் மெஷின் ஓட்டுகிறவரிடம் போய்ச் சண்டைக்கு நின்றார். அந்த மனிதர் என்ன செய்வார், பாவம். போகிற ஊரில் எல்லாம் அந்த இடத்துக்குத்தான் ஒன்ஸ்மோர் கேட்டிருக்கிறார்கள். நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி ஓட்டி, மறுபடி ஓட்டி, பிலிம் அந்த இடத்தில் மட்டும் நைந்துவிட்டது. அறுந்தால் நைந்ததை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுவார்கள். திரும்ப அறும், திரும்ப வெட்டுவார்கள். இங்கே வந்து சேருவதற்குள் அந்த ஒரு வரி தீர்ந்துபோய்விட்டது.

வீட்டுக்காரர் இதை வண்டியடியில் நின்று சொன்னார். நான் அழுதுவிட்டேன். சிரித்த அத்தனை ஊர்களின் மேலும், வருஷம் திரும்பட்டும் என்ற அம்மாவின் மேலும் எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மா அழவில்லை. "அத்தனை பேரு மறுக்கா மறுக்காக் கேட்டாங்களா?" என்றாள். வண்டியில் ஏறி வைக்கோல் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டாம் ஆட்டத்துக்குக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்குகளை ஏற்றிவிட்டார்கள், எஞ்சின் மறுபடி தடதடத்தது. காளைகள் மிரண்டு, காலை ஊன்றிக்கொண்டு நின்றன. வீட்டுக்காரர் கயிற்றைச் சுண்டினார். தட்டிக்கொடுத்தார். வாலைத் திருகிப் பார்த்தார். சுற்றிலும் ஆட்கள் கூடி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவை அசையவில்லை.

அம்மா வைக்கோலிலிருந்து எழுந்து, முட்டி போட்டு முன்னால் நகர்ந்து வந்தாள். ஐயன் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, வீட்டுக்காரர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டு, நுகத்தடிப் பக்கம் குனிந்தாள்.

"நட கண்ணு, ஊட்டுக்குப் போலாம்."

மணிகள் குலுங்கின. நிலா வெளிச்சத்தில் அவிநாசி ரோடு வெள்ளையாக நீண்டு கிடந்தது. காளைகள் இழுத்த இழுப்பில் வீட்டுக்காரர் ஓடிவந்துதான் ஏற வேண்டியிருந்தது.

பாதி வழி வந்த பிறகு அம்மா திரும்பாமலே சொன்னாள்: "நாஞ் சொன்னதுல பொய்யில்ல கண்ணு. நெசமாலுமே ஊட்டுக்குத்தான் போறோம்."